ஐம்பத்து நான்கில் எந்த நாடு நான்?

செப்டம்பர் 8, திங்கள்

சமூக அறிவியல் ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இரண்டாவது வரிசை ஜன்னலோரம் உட்காரும் பெண்ணின் தகப்பன் எழுதுகிறேன். நான் லிஃப்ட் மெக்கானிக். பள்ளி நடக்கும் நேரத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் இருப்பேன், நேரில் வர முடியாது. போனில் பேசலாம். ஆனால் இப்போது இருக்கும் கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். என் மனைவி வேலைக்குப் போகிற வழியில் இதை உங்கள் அலுவலகத்தில் கொடுப்பாள்.

இன்று மாலை எங்கள் பெரியவள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கொண்டுபோய்த் துணி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். "நாளைலேர்ந்து நான் ஸ்கூலுக்குப் போகலை" என்றாள். ஒரு மணி நேரம் கெஞ்சிக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது.

போன வருஷத்திலிருந்து வகுப்பில் அவளுக்கு ஒரு பட்டப்பெயராம். ஆப்பிரிக்கா. அவள் நிறத்துக்காக வைத்தது. தண்ணீர் குடிக்கப் போனால் "ஆப்பிரிக்கா வருது, வழி விடு". போட்டோ எடுத்தால் "ஆப்பிரிக்கா, பல்லைக் காட்டு, அப்பதான் தெரியும்". ஒரு வருஷமாக இதை எங்களிடம் சொல்லாமல் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

இன்று நீங்கள் கரும்பலகையில் 'ஆப்பிரிக்க வரலாறு: தேடல் வேட்டை' என்று பெரிதாக எழுதினீர்களாம். பள்ளி முழுக்க ஏதோ கியூஆர் கோடு ஒட்டப் போவதாகவும், பிள்ளைகள் போனைக் கொண்டு ஸ்கேன் செய்து தேடிப் போக வேண்டும் என்றும் சொன்னீர்களாம். வகுப்பு மொத்தமும் திரும்பி இவளைப் பார்த்திருக்கிறது. வகுப்புத் தலைவி எழுந்து நின்று, "மிஸ், எதுக்குத் தேடணும்? அது இங்கயேதான உட்கார்ந்திருக்கு" என்றாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

"மிஸ்ஸும் சிரிச்சாங்கப்பா" என்றாள். அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இந்த விளையாட்டை நிறுத்துங்கள். முடியாது என்றால் அவளை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள். இரண்டில் ஒன்று.

இப்படிக்கு,
மாணவியின் தந்தை


செப்டம்பர் 9, செவ்வாய்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்தேன். பிறகு அங்கே உட்கார முடியவில்லை.

நான் சிரித்தேனா? காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்போது கையில் ஆறு போன்களுக்கான பட்டியலை வைத்துக்கொண்டு, எந்தக் குழுவுக்கு எது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் சிரிப்பு எழுந்தபோது என் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்திருக்கலாம். என்ன சொன்னார்கள் என்று சரியாகக் காதில் விழவில்லை. அந்தப் பட்டப்பெயரைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது.

ஆனால் ஐயா, இந்த வேட்டையை நான் ஏன் தொடங்கினேன் என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பாடப் புத்தகத்தில் அந்தக் கண்டத்துக்கு ஒதுக்கியிருப்பது ஒன்றரைப் பக்கம். அதில் பாலைவனம் இருக்கிறது, அடிமை வணிகம் இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி படம் இருக்கிறது. மனிதர்கள் ஒன்றைக் கட்டினார்கள், எழுதினார்கள், ஆண்டார்கள் என்று ஒரு வரி இல்லை. இரண்டு மாதமாக நூலகத்தில் உட்கார்ந்து பதினான்கு குறிப்புகள் எழுதினேன். ஒவ்வொன்றையும் ஒரு கியூஆர் கோடாக்கினேன். ஒரு கோடை ஸ்கேன் செய்தால் ஒரு செய்தி வரும், கடைசியில் ஒரு கேள்வி வரும், அதற்கு விடை கண்டால்தான் அடுத்த கோடு இருக்கும் இடம் தெரியும். எங்கள் படிக்கட்டுப் பக்கம் இணையம் எட்டாது என்பதால் செய்தியையே கோடுக்குள் அடைத்திருக்கிறேன்.

எனவே வேட்டையை நிறுத்த எனக்கு மனமில்லை. 'ஆப்பிரிக்கா' என்பது வசைச்சொல் அல்ல என்று தங்கள் மகளுக்குப் புரிந்துவிட்டால், அவளை அது காயப்படுத்தாது. அதற்காகத்தான் இந்த விளையாட்டே. தயவுசெய்து அவளை அனுப்பி வையுங்கள். ஒரு கோடை மட்டும் அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்களே பாருங்கள்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியை


செப்டம்பர் 11, வியாழன்

ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நல்ல தமிழ். ஆனால் எனக்குப் பதில் அதில் இல்லை.

அந்தச் சொல் வசை இல்லை என்று அவளுக்குப் புரிய வேண்டும் என்கிறீர்கள். அவளுக்கு ஏன் புரிய வேண்டும்? அதை வசையாக்கி அடித்தவர்களுக்கல்லவா புரிய வேண்டும்? கல்லை எறிகிறவனை விட்டுவிட்டு, அடிபட்டவளிடம் "இது நல்ல கல்தான்" என்று விளக்குகிறீர்கள்.

எனக்கு இது புதிதில்லை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நான் சரி செய்த லிஃப்டில் நானே ஏறி நிற்கும்போது, உள்ளே வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்ததைப் பார்த்தவன் நான். என் நிறம்தான் அவளுக்கும் வந்திருக்கிறது. நான் தாங்கிக்கொண்டேன் என்பதற்காக அவளும் தாங்க வேண்டியதில்லை.

மூன்று நாளாக அவள் வீட்டில்தான் இருக்கிறாள்.

உங்கள் கியூஆர் கோடை லிஃப்ட் மெஷின் ரூமில் வைத்துப் பார்த்தேன். மொட்டை மாடிக்கு மேலே இருக்கிற அறை, சிக்னல் கிடையாது. இருந்தும் திறந்தது. பெரிய ஜிம்பாப்வே. சாந்தே இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கி முப்பத்தாறு அடி உயரத்துக்கு எழுப்பிய சுவர், அறுநூறு எழுநூறு வருஷமாக நிற்கிறது. மூன்று முறை படித்தேன். பாரம் எங்கே இறங்குகிறது, அடி எத்தனை அகலம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். முதல் வரியிலேயே 'மர்மமான கற்சுவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன மர்மம்? அங்கே இருந்த ஆட்கள் கட்டினார்கள் என்று நான்காவது வரியில் நீங்களே சொல்கிறீர்கள். வெளியிலிருந்து வந்தவர்கள்தான் 'இவர்களா கட்டியிருப்பார்கள்' என்று நம்பாமல் போனார்கள் என்றும் சொல்கிறீர்கள். அப்புறம் நீங்களும் ஏன் அதிசயப்படுகிறீர்கள்? வேறு ஊர்க் கோட்டையைப் பற்றி எழுதினால் 'உறுதியான சுவர்' என்று எழுதியிருப்பீர்கள். கட்டியவன் கறுப்பன் என்றால் மர்மமா?

கோபத்தில் எழுதவில்லை. பாதி கோபத்தில் எழுதுகிறேன்.

மாணவியின் தந்தை


செப்டம்பர் 15, திங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சிரித்தேன். அந்தத் தலைவி சொன்னது என் காதில் விழுந்தது. போன பருவத்திலும் ஓரிரு முறை அந்தப் பெயர் விழுந்திருக்கிறது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கிண்டல் செய்வதுதானே என்று நகர்ந்துவிட்டேன். போன கடிதத்தில் எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதியது பொய். என்னை மன்னிக்க வேண்டும்.

தங்கள் கடிதம் கிடைத்ததும் பதினான்கு குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் அடித்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் 'மர்மமான'. நான்கு இடத்தில் 'வியக்கத்தக்க வகையில்'. ஓரிடத்தில் 'அந்தக் காலத்திலேயே அவர்கள்கூட'. அந்த 'கூட' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டுதான் அத்தனையும் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை தங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். தாங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். கதவைத் திறந்தது தங்கள் மகள். தங்கள் மனைவி தேநீர் போட உள்ளே போனதும் அவள் நேராகக் கேட்டாள்:

"மிஸ், நீங்க ஏன் சிரிச்சீங்க?"

வழியில் தயாரித்து வைத்திருந்த பதில்களை விட்டுவிட்டேன். "எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டேன். தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுடும்மா" என்றேன்.

"இதை க்ளாஸ்ல சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"எல்லார் முன்னாடியும்?"

"எல்லார் முன்னாடியும்."

கொஞ்ச நேரம் தன் தங்கையின் கலர் பென்சில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நான் வரேன். ஆனா நான் தேட மாட்டேன்" என்றாள்.

"பின்ன?"

"நான்தான் ஒளிச்சு வைப்பேன். எந்தக் கோடு எங்கன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். உங்களுக்குக்கூடச் சொல்ல மாட்டேன்."

ஒரு வருடமாக இடைவேளைகளில் யார் கண்ணிலும் படாமல் இருக்க இடம் தேடித் தேடி, இந்தப் பள்ளியில் எந்த மூலை யாருக்கும் தெரியாது என்பது அவளுக்குத்தான் தெரியும் என்றாள். குற்றம் சாட்டுவது போலச் சொல்லவில்லை. தகுதியை எடுத்துச் சொல்வது போலச் சொன்னாள்.

இன்று காலை வகுப்பில் சொல்லிவிட்டேன். தலைவி தலையைத் தூக்கவேயில்லை. அவளுக்குத் தண்டனை கொடுக்கவில்லை. தங்களுக்கு அது போதாது என்று தோன்றலாம். எனக்கும் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. என் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்கும் தைரியம் வந்திருக்கும்.

வேட்டை வெள்ளிக்கிழமை.

சமூக அறிவியல் ஆசிரியை


செப்டம்பர் 18, வியாழன்

டீச்சருக்கு,

வணக்கம். நீங்கள் வகுப்பில் சொன்னதை அவளும் வந்து சொன்னாள். "மிஸ் அழுதுடுவாங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள். பெரியவர்கள் பிள்ளைகள் முன்னால் தப்பை ஒத்துக்கொள்வதை நான் அதிகம் பார்த்ததில்லை. நானும் செய்ததில்லை. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் குளியலறையில் இரண்டு வருஷமாக ஒரு முகப்பூச்சு இருக்கிறது. ஆறு வாரத்தில் வெளுப்பாகிவிடும் என்று பெட்டியில் போட்டிருக்கும். என் மனைவி கேட்டாள் என்று கடையில் எடுத்து வந்தவன் நான்தான். தீர்ந்தால் மறுபடி எடுத்து வருவேன். உங்கள் மேல் பாய்ந்தபோது இது எனக்கு ஞாபகம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அது குப்பைக்கூடையில் கிடந்தது. பாதிக்கு மேல் மீதி இருந்தது. போட்டது அவளா அவள் அம்மாவா தெரியாது.

இப்போது வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம். உங்கள் குறிப்புகளை இவள் இன்னும் வெட்டுகிறாள். தமிழில் நீளமாக எழுதினால் கோடில் கட்டங்கள் பொடிப்பொடியாகி, பழைய போன் படிக்க மறுக்கிறதாம். தேவையில்லாத அடைமொழியை எடுத்தால் கட்டம் பெரிதாகிச் சட்டென்று படிக்கிறதாம். "மர்மம்னு போட்டா மெஷினுக்கே பிடிக்கலைப்பா" என்றாள். நான் சிரித்துவிட்டேன்.

நேற்று மாலை என் அளவு நாடாவை வாங்கிப் போய், வண்டி நிறுத்தும் இடத்தில் அந்த ஜிம்பாப்வே சுவரின் கனத்தைச் சாக்பீஸால் வரைந்தாள். பதினாறு அடி. சின்னவளை அதற்குள் நிற்க வைத்து, "நீ சுவத்துக்குள்ள இருக்க, அசையாத" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் காரை நிறுத்த வந்தவர், சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

கடைசிக் கோடு பதினைந்தாவதாம். அதை அவளே எழுதியிருக்கிறாள். எனக்குக் காட்டவில்லை. உங்களுக்கும் காட்டியிருக்க மாட்டாள்.

டீச்சர், எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடி சிரித்துவிட்டால்? நாளை ஆஸ்பத்திரிக் கட்டட லிஃப்ட் ஆய்வு, விடுப்பு கிடையாது. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மாணவியின் தந்தை


செப்டம்பர் 22, திங்கள்

அன்புள்ள ஐயா,

வெள்ளிக்கிழமை மாலையே எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

முப்பத்தைந்து பேர், ஆறு குழு, ஆறு போன். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினோம். பத்து மணிக்கெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் ஒட்டியிருந்தால் இது ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று. நான் நூலக அலமாரியில் ஒட்ட நினைத்திருந்த ஒரு குறிப்பு, இன்றைய அங்கோலா நிலத்தை ஆண்ட ராணி இன்சிங்காவைப் பற்றியது. அவர் பேச்சுவார்த்தைக்குப் போனபோது போர்ச்சுகீசிய ஆளுநர் உட்கார நாற்காலி தரவில்லை. தன் பணியாளின் முதுகையே இருக்கையாக்கிச் சரிசமமாக உட்கார்ந்து பேசினார் என்று சொல்வார்கள். அந்தக் கோடைத் தங்கள் மகள் எங்கே ஒட்டியிருந்தாள் தெரியுமா? தலைமையாசிரியர் அறையில், வந்தவர்களை உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்தே பேசுவாரே, அந்தக் காலி நாற்காலியின் அடியில். ஆறு குழுவும் வரிசையாகப் போய் அவர் முன்னால் குனிந்து நாற்காலிக்கடியில் போனை நீட்டின. நான்காவது குழு வந்தபோது அவரே எழுந்து வந்து, "எனக்கும் காட்டுங்க, என்னதான் இருக்கு?" என்றார். படித்தார். அடுத்த குழுவை உட்காரச் சொன்னார்.

பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த எத்தியோப்பியத் தேவாலயங்கள் பற்றிய கோடு, படிக்கட்டின் அடிவயிற்றில். பெனினின் உலோக வார்ப்புகள் பற்றியது, பள்ளி மணியின் உள்பக்கம். அதைத் தேடி எடுத்த பையன் நெற்றியை இடித்துக்கொண்டான், மணி ஒருமுறை அடித்துவிட்டது, ஏழாம் வகுப்பு இடைவேளை என்று நினைத்து வெளியே வந்துவிட்டது. ஒரு கோடில் வெயில் பட்டுப் பளபளத்துப் படிக்கவில்லை. ஐந்து பெண்கள் வட்டமாக நின்று நிழல் கொடுத்துப் படித்தார்கள். இவள் கையைக் கட்டிக்கொண்டு மாடி வராந்தாவில் நின்று அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பதினைந்தாவது கோடு. அது எங்கள் வகுப்பிலேயே இருந்தது. அவள் மேஜையின் மேல், நடுவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில். முதலில் வந்தது வகுப்புத் தலைவியின் குழு. மற்ற குழுக்களும் வந்து சேர, தலைவிதான் ஸ்கேன் செய்து சத்தமாகப் படித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. எழுதியிருந்தது இதுதான்:

'ஐக்கிய நாடுகள் சபைக் கணக்கில் ஆப்பிரிக்காவில் ஐம்பத்து நான்கு நாடுகள். அதில் எந்த நாடு நான்? நாட்டின் பெயரையும் அதைப் பற்றி உண்மையான ஒரு விஷயத்தையும் ஆளுக்கு ஒன்றாக எழுதி என்னிடம் கொடுங்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எழுதக் கூடாது. அதுவரை என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.'

யாரும் சிரிக்கவில்லை ஐயா. நான் கதவருகில் நின்றிருந்தேன்.

தங்கள் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து அவள் இடத்தில் உட்கார்ந்து, வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். தலைவி அந்தக் குழுவிலேயே நன்றாகப் படிக்கிறவள். "திம்புக்டு" என்றாள்.

"அது ஊர். நாடு சொல்லு" என்றாள் இவள்.

தலைவிக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். தங்கள் மகள் அவர்கள் பக்கம் திரும்பி, "யாருக்கு எத்தனை தெரியும்னு இப்ப பார்க்கத்தானே போறோம்" என்றாள். அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் நூலகத்துக்கு ஓடியது. பூமிப்பட நூலுக்குச் சண்டை. 'மாலியை நான் எடுத்துட்டேன்', 'கானா என்னோடது' என்று வராந்தா முழுக்கச் சத்தம். எட்டு வருடமாக இங்கே பாடம் நடத்துகிறேன். என் பாடத்துக்காகப் பிள்ளைகள் ஓடி நான் பார்த்ததில்லை.

தலைவிதான் கடைசியாக வந்தாள். 'எத்தியோப்பியா. 1896இல் அத்வாவில் படையெடுத்து வந்த இத்தாலியப் படையைத் தோற்கடித்தார்கள்' என்று எழுதியிருந்தாள். தங்கள் மகள் படித்துப் பார்த்து, "சரி" என்று சொல்லி வாங்கி வைத்தாள். தலைவி போகவில்லை. நின்றுகொண்டே அவள் பெயரைச் சொல்லி, "சாரி" என்றாள். இவள் உடனே உருகிவிடவில்லை. "நாளைக்கும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும்" என்றாள். "ம்" என்றாள் அவள்.

அந்த முப்பத்தைந்து தாள்களும் இப்போது வகுப்புச் சுவரில் இருக்கின்றன. மீதி பத்தொன்பது நாடுகளை நானும் சக ஆசிரியர்களும் எழுத வேண்டும் என்று அவள் உத்தரவு. எனக்கு நமீபியா. இன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும்.

பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பார்த்துக்கொள்ள எனக்கு அவள் வேலையே வைக்கவில்லை.

சமூக அறிவியல் ஆசிரியை


அக்டோபர் 13, திங்கள்

அன்புள்ள டீச்சருக்கு,

சனிக்கிழமை பெற்றோருக்காக அதே வேட்டையை நடத்தினீர்களே, அன்று உங்களிடம் நின்று பேச நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் பேச்சு வந்திருக்காது. அதனால் இதையும் எழுதுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பே விடுப்பு சொல்லி வைத்திருந்தேன். மேலாளர் காரணம் கேட்டார். "என் பொண்ணு பள்ளிக்கூடத்துல ஒரு நிகழ்ச்சி நடத்துறா" என்றேன். "கலந்துக்குறாளா?" என்றார். "இல்ல சார், நடத்துறா" என்று இரண்டாவது முறை அழுத்திச் சொன்னேன். சட்டையை நானே இஸ்திரி போட்டேன்.

எங்கள் குழுவில் நான், என் மனைவி, ஒரு தையல்காரர், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. அந்த அம்மா யார் என்று பிறகுதான் தெரிந்தது, உங்கள் வகுப்புத் தலைவியின் தாயார். அவர்தான் ஓட்டத்தில் முதல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். நாலாவது கோடு வரைக்கும் நாங்கள்தான் முன்னணி. ஆறாவது கிடைக்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றுக்குச் சீனப் பீங்கான் வந்து இறங்கிய குறிப்பு, அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சமையலறை, குடிநீர்த் தொட்டி, ஆய்வுக்கூடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மற்ற குழுக்கள் எங்களைத் தாண்டிப் போகின்றன. தையல்காரர் என்னைக் கையால் இடித்தார். "உங்க பொண்ணுதானே அங்க நிக்குது? போய்க் கேளுங்க சார்."

போனேன். அவள் கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய் மெதுவாக, "பாப்பா, ஆறாவது எங்கம்மா? லேசா ஒரு சாடை காட்டு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். மற்ற எல்லாப் பெற்றோரையும் எப்படிப் பார்த்தாளோ அப்படியே என்னையும் பார்த்தாள்.

"குறிப்பு கொடுக்கக் கூடாதுங்க. நல்லாத் தேடுங்க, கிடைக்கும்" என்றாள். நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டாள்.

என்னை 'ங்க' போட்டுப் பேசினாள், டீச்சர். நான் அந்த வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். என் மனைவி ஓடி வந்து, "என்ன சொன்னா?" என்று கேட்டாள். "சொல்ல மாட்டேங்கறா" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோற்றுப்போகிற குழு எதற்கு இப்படிச் சிரிக்கிறது என்று அந்த வங்கி அம்மாவுக்குப் புரியவேயில்லை.

ஒன்பது குழுவில் எட்டாவது இடம் பிடித்தோம். பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மாணவியின் தந்தை